மூன்றாம் பலகைக்குக் கீழே

என் பிள்ளைகள் கஸ்தூரி, தமிழ் இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். தப்பு என்னுடையதுதான். பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில் பூசை செய்து, மஞ்சள் துணியில் சுற்றிய செப்புத் தகடு ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்தாள். வீட்டு முன்னால் நிற்கும் பழைய அலுமினியப் படகு அடுத்த வாரம் தண்ணீரில் இறங்கப் போகிறதே, அதற்குமுன் இதை அடியில் எங்காவது வைத்துவிடுங்கள் என்றாள். நான் வாங்கி ஐஸ்பெட்டி மேலே வைத்தேன். "இது போட்டுக்குள்ள வரக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அப்பாவுக்குச் சாமிமேல் நம்பிக்கை விட்டுப்போச்சா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டாளாம்.

விட்டுப்போகவில்லை. காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். நான் ஃபாரம் த்ரீயோடு படிப்பை நிறுத்தியவன். இருந்தாலும் எழுதினால் நிறுத்தி நிதானமாகச் சொல்லலாம். எங்கேயாவது வெட்கமாக இருந்தால் பேனாவை வைத்துவிட்டு ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். போர்ட் கிள்ளானில் மீன்பிடிக்கும் மரப்படகுகளுக்குப் பலகை மாற்றும் வேலை, பதினான்கு வருஷம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெரிய பழுது பார்த்த படகைத் தண்ணீரில் விடுமுன் சீனத் தச்சர்கள் சிவப்புத் துணி கட்டுவார்கள். தமிழர்கள் நாங்கள் ஓம் குத்திய சின்னச் செப்புத் தகட்டை அடிப்பலகைக்கும் தரைப்பலகைக்கும் நடுவே சொருகுவோம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். யாருக்கும் சொல்வதில்லை. படகுக்காரருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் பலன் என்று நினைத்திருந்தோம். மரத்துக்குச் செம்பு ஒரு கெடுதலும் செய்யாது. நல்ல மரப்படகுக்குச் செம்பு ஆணிதான் அடிப்பார்கள்.

பிறகு மரப்படகு வேலை குறைந்தது. ஆற்றோரம் இருந்த அலுமினியப் படகுப் பட்டறைக்கு மாறினேன். தோட்டத்து மேனேஜர்கள் விட்டுப்போனவை, மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்தவர்கள் வாங்கிப் போட்டவை என்று நான்கைந்து பேர் உட்காரும் சின்னப் படகுகள் வரும். ஓரம் நசுங்கி, பெயின்ட் உரிந்து, உள்ளே செடி முளைத்துக்கூட வரும். அதையெல்லாம் திரும்ப ஓட வைப்பது எங்கள் வேலை. நான் சேர்ந்து மூன்றாவது வருஷம் லெட்சுமி மேடம் சூப்பர்வைசராக வந்தார்.

மேடம் என்னைவிட எட்டு வயது சின்னவர். சுங்கை வேயில் வளர்ந்தவர். பெரிய கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் சோதிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் மஞ்சள் கிரேயான் இருக்கும். ஏதாவது சரியில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார். அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாம் போய் அந்த வட்டத்தின் முன்னால் நின்று யோசிக்கவேண்டும். திட்டினால்கூடத் தாங்கலாம். அந்த வட்டத்தைத் தாங்க முடியாது.

வந்த முதல் நாளே படகில் ஏறும் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தார். ஏறுகிறவர்கள் பையில் இருக்கும் சில்லறை, சாவி, மோதிரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும்.

"செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணியில ஒன்னா இருக்க முடியாதுண்ணே. ஒரு காசு மூலையில ஒதுங்கிக்கிட்டா போதும். செம்புக்கு ஒன்னும் ஆவாது. அலுமினியம்தான் சாவும்" என்றார்.

வெல்டர் ரவிக்கு நாக்கு சும்மா இருக்காது. "மேடம், கல்யாண மோதிரமுமா?" என்றான்.

"அதுவும்தான். சாயங்காலம் மறக்காம போட்டுக்கிட்டுப் போங்க. இல்லாட்டி ஓட்ட விழறது போட்டுல இல்ல, வீட்டுல."

எல்லாரும் சிரித்தோம். அன்றிலிருந்து தினமும் நான் சில்லறையை டின்னில் போட்டுவிட்டுத்தான் ஏறினேன். படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவேன். அது பழைய பட்டறைப் பழக்கம். தரையைப் பிரித்துப் பெரிய பழுது பார்த்த படகு வெளியே போகும்போது ஓம் குத்திய தகட்டையும் அடியில் வைத்துவிடுவேன். இப்போது நீங்கள் கேட்பீர்கள், காலையில் காசைப் போட்டவன் எப்படித் தகட்டை வைத்தான் என்று. பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். காசு எனக்குச் செம்பு. தகடு எனக்குச் சாமி. இரண்டும் ஒன்று என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பதில்.

யோகராஜா ஐயாவின் படகு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐயா பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்கத்தில் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு தோட்டத்து மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் வாங்கிய படகு. வெகுகாலம் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "தம்பி, இதுக்கு உயிர் இருக்கோ?" என்று கேட்டார். தட்டிப் பார்த்தேன். நல்ல அலுமினியம் தட்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி நீளமாகச் சத்தம் வரும். வந்தது. இருக்கிறது ஐயா என்றேன்.

அந்த வேலையை நாங்கள் எப்படிச் செய்தோம் என்று கொஞ்சம் சொல்கிறேன். சொல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது.

முதலில் இருக்கையையும் தரைப்பலகைகளையும் கழற்றவேண்டும். பலகைக்குக் கீழே மிதப்பதற்காக அடைத்த நுரைப்பஞ்சு இருக்கும். பழைய படகில் அது ஈரம் குடித்து ஒரு ஆள் கனம் கனக்கும். அதைத் தோண்டி எடுக்கவேண்டும். என்ஜின் மாட்டும் பின்பலகை எப்போதும் உளுத்திருக்கும், புதிதாக அறுத்துப் போடவேண்டும். பிறகு கசிவு பார்ப்பது. ஓட்டை தெரியவேண்டும் என்றால் படகைக் கடலில் விடக்கூடாது. கடலைப் படகுக்குள் விடவேண்டும். இது மேடம் சொன்ன வார்த்தை.

படகை மரத்தாங்கிகளின்மேல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைப்போம். தண்ணீரின் கனத்தில் வயிறு தொங்கிவிடாமல் ஒவ்வொரு விலா எலும்புக்கும் கீழே கட்டை கொடுப்போம். அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, உள்ளே ஹோஸ் வைத்து முழங்கால் அளவு மட்டும் தண்ணீர் நிரப்புவோம். ஹோஸை மூடியதும் மேடம் கையைத் தூக்குவார். கிரைண்டர், ரேடியோ எல்லாம் நின்றுவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிப்பாப் பனை ஓலைகள் உரசுவது கேட்கும். படகுக்குள்ளே மேகம் போய்க்கொண்டிருக்கும். கடலில் மிதக்கவேண்டியது வானத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்தால், நாம் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே தெரியாது. மேடம் அடியில் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் மணி, அரை மணி. எந்த ரிவெட் ஆணியின் தலையில் ஈரம் கட்டுகிறதோ அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் விழும்.

பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, தளர்ந்த ரிவெட்டுகளை இறுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவன் சுத்தியலோடு, அடியில் ஒருவன் இரும்புக் கட்டியை ரிவெட் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு. ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. நடுவில் படகின் தோல். அதனால் தட்டித்தான் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் நான் தயார். இரண்டு என்றால் ஆச்சு, அடுத்ததுக்குப் போ. மூன்று என்றால் நிறுத்து. ரவி உள்ளே, நான் அடியில். வருஷக்கணக்காக அப்படித்தான். அவன் சுத்தியல் என் உள்ளங்கையில் விழுவது மாதிரி இருக்கும்.

ஐயாவின் படகை அப்படி முடித்து, பச்சை பெயின்ட் அடித்து அனுப்பினோம். பின்னாலிருந்து மூன்றாவது பலகைக்குக் கீழே என் தகடும் போனது. வழக்கமாக நான் வைக்கும் இடம் அது.

ஒன்பது வருஷம் ஓடியது. நடுவில் ஒரு தடவை கல்லில் உரசியதற்கு ரவி அடியில் ஒரு ஒட்டு வெல்டிங் வைத்துக் கொடுத்தான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஐயாவும் மருமகனும் ஆறு வயதுப் பேத்தியும் கடல் முகத்துவாரம் வரை போயிருக்கிறார்கள். திரும்பும்போது பிள்ளை, தாத்தா கால் நனையுது என்றிருக்கிறாள். பார்த்தால் பலகைக்கு மேலே தண்ணீர். மீன்பிடி படகு ஒன்று பார்த்துக் கட்டி இழுத்து வந்ததால் மூன்று பேரும் தப்பித்தார்கள். கரைக்கு வரும்போது பிள்ளைக்கு இடுப்புவரை தண்ணீர்.

மருமகன் அன்று மாலையே பட்டறைக்கு வந்துவிட்டார். வெல்டிங் விட்டுப்போச்சு, உங்கள் ஆள் கொலை பண்ணப் பார்த்தான் என்று கத்தினார். கசிவு அந்த ஒட்டுக்குப் பக்கத்தில்தான் என்று அவர் காட்டினார். முதலாளி ரவியைக் கூப்பிட்டு, காரணம் தெரியும்வரை வேலைக்கு வராதே, வெல்டிங்தான் காரணம் என்றால் இனிமேலும் வராதே என்றார். ரவி வெல்டிங் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ஜோக் அடிக்காமல் அவன் போனதை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை தரையைப் பிரிக்க மேடம் என்னை அனுப்பினார். மேடம் முதலாளியோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது பலகையைத் தூக்கினேன். ஈரப் பஞ்சை விலக்கினேன். என் தகடு இருந்தது.

பிள்ளைகளே, அது அப்படியே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். ஓமில் ஒரு சுழி அழியவில்லை. அதைச் சுற்றியும் அதற்கு அடியிலும் அலுமினியம் வெள்ளை மாவாகப் பொங்கியிருந்தது. விரலால் தொட்டேன். விரல் நுனியில் வெளிச்சம் பட்டது. ஓட்டை வழியாக அடியிலிருந்து வந்த வெளிச்சம். செம்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் சாகும் என்று மேடம் சொன்னது அந்த விரல் நுனியில்தான் எனக்குப் புரிந்தது.

நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கம்பிப் பிரஷ்ஷை எடுத்து வெள்ளை மாவைச் சுரண்டித் துடைத்துச் சுத்தம் செய்தேன். மேடம் வந்து கேட்டபோது, துரு மாதிரி இருந்தது மேடம், துடைத்துவிட்டேன் என்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் அப்போது படிப்பு முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜம்தான். ஆனால் ரவிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

புதன்கிழமை தண்ணீர் நிரப்பினோம். ரவி வைத்த ஒட்டு காய்ந்தே இருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊசித் துளைகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், ஒவ்வொன்றாய் முத்துக் கட்டிச் சொட்ட ஆரம்பித்தன. மேடம் வழக்கம்போல அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டம் போடவில்லை. கிரேயானை ஒரு துளையில் வைத்து அடுத்த துளைக்கு இழுத்தார், அங்கிருந்து அடுத்ததுக்கு. எழுந்து போய்விட்டார். நான் குனிந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவில் நான்கு மூலையோடு ஒரு மஞ்சள் கட்டம். அதிலிருந்து என் சட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

வியாழன் முழுக்க அந்தக் கட்டம் அங்கேயே இருந்தது. நான் வீட்டுக்கு வந்தாலும் அது சொட்டுவது கேட்டது. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க நான் எழுந்து போனதைப் பார்த்து உங்கள் அம்மா சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். நான் போய்ச் சில்லறையை எடுத்து டின்னில் போட்டேன். பிறகு தகட்டை எடுத்துப் போட்டேன். காசு விழும் சத்தம் மாதிரி இல்லை அது.

"மேடம், இது என்னோடது."

அவர் டின்னைப் பார்க்கவில்லை. "தெரியும்ணே. வெல்டிங் விட்டா கோடாத்தான் ஒழுகும். சதுரமா ஒழுகாது. போட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவரு இங்க நீங்க ஒருத்தர்தான்."

"தெரிஞ்சும் ஏன் மேடம் சொல்லல?"

"நாளைக்கிச் சொல்லியிருப்பேன். இன்னிக்கி வரைக்கும் நீங்களே சொல்லட்டும்னு விட்டேன்." பிறகு என் உயிரே போகிற மாதிரி ஒன்று கேட்டார். "இன்னும் எத்தன போட்டுலண்ணே?"

ஐந்து நாளாக ஒரு படகை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் மற்ற படகுகள் எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. எண்ணிப் பார்த்தேன். ஐயாவுடையதோடு சேர்த்துப் பதினொன்று.

முதலாளியிடம் மேடமே என்னைக் கூட்டிப்போனார். என்னை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். மற்ற பத்துப் படகையும் கண்டுபிடித்துச் சரி செய்யட்டும், பிறகு யோசிக்கலாம் என்று மேடம் பேசினார். முதலாளி கடைசிவரை யோசித்துச் சொல்லவேயில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் வேலை பார்த்துத்தான் வெளியே வந்தேன்.

ரவி வீட்டுக்கு நானே போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "ஒரு வாரமா நானே நம்பிட்டேண்ணே, என் வெல்டிங்தான்னு. கண்ண மூடுனா அந்தப் புள்ள தண்ணியில நிக்கிறது தெரியுது" என்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

யோகராஜா ஐயாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். "நல்லதுக்குத்தானே வச்சனீங்கள்" என்றார். அதோடு விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆனா பிள்ளை இப்ப குளிக்கிறதுக்கே பயப்பிடுறாள், தம்பி" என்றார். அதையும் உங்களுக்குச் சொல்லிவிடவேண்டும்.

அடுத்த வாரம் அந்தப் படகுக்கு ஒட்டுப் போட்டோம். செத்த அலுமினியத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புது அலுமினியத் தகடு, சுற்றிலும் ரிவெட். முதலாளி திரும்பக் கூப்பிட்டுக்கொண்ட ரவி உள்ளே ஏறினான். நான் அடியில் கட்டியை அழுத்திப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன். மேலிருந்து பதில் இல்லை. தாங்கிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே அந்தப் பச்சை வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் கடல் ஓதம் ஏறுகிற வாசனை வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டுக் கேட்டது. அன்று முழுக்க நாங்கள் பேசியது அந்தத் தட்டுகள் மட்டும்தான். இருபத்து நான்கு ரிவெட். ஒன்றுகூடக் கசியவில்லை. ரவி இப்போது டெங்கிலில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறானே, அதே ரவிதான்.

மற்ற படகுக்காரர்களை நானே கூப்பிடவேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் ஒரே வார்த்தையைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் படகில் பின்னாலிருந்து மூன்றாவது பலகைக்குக் கீழே நான் ஒரு செப்புத் தகடு வைத்தேன், அது தப்பு, கொண்டுவாருங்கள், எடுத்துவிடுகிறேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் போனை வைத்துவிட்டார். பந்திங் ஊரில் ஒருவர் மட்டும், "சாமித் தகட்ட நான் தொடமாட்டேன் பாஸ். வச்சவரு நீங்க, நீங்களே வந்து எடுங்கலா" என்றார். போனேன். அவர் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றார். கற்பூரம் காட்டி, கும்பிட்டு, குறடால் பிடுங்கி எடுத்தேன். அடியில் அப்போதுதான் மாவு பொங்க ஆரம்பித்திருந்தது.

இப்படி ஐயாவுடையதோடு சேர்த்துப் பத்துப் படகிலிருந்து எடுத்தாயிற்று. ஐயாவுக்கு வயதாகிவிட்டது. மருமகன் வேறு படகு வாங்கிவிட்டார். நான் ஓய்வு பெற்றபோது ஐயா, நீங்களே வச்சிருங்கோ என்று அந்தப் பச்சைப் படகை எனக்கே அனுப்பிவிட்டார். இரண்டு வருஷமாக நம் வாசலில் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைத்தான். உள்ளே குனிந்து பின்னால் தடவிப் பாருங்கள், அந்த ஒட்டு விரலில் தட்டுப்படும்.

கஸ்தூரி, உன் தகட்டை ஐஸ்பெட்டி மேலிருந்து எடுத்துச் சாமி அறையில் வைத்து, பொட்டு வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடு. படகைத் தண்ணீரில் இறக்கும்போது கரையிலேயே நின்று கற்பூரம் ஏற்று. படகின் மூக்கில் நீயே கையால் சந்தனம் வை. சந்தனம் அதை ஒன்றும் செய்யாது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். பதினோராவது படகு கிடைக்கவில்லை. பதினான்கு அடி நீளம், வெள்ளை, பக்கத்தில் நீலக் கோடு. மூக்கின் இடப்பக்கத்தில் ஒரு நசுங்கல், எவ்வளவு தட்டியும் எங்களால் நிமிர்த்த முடியாதது. கை மாறிக் கை மாறி விற்கப்பட்டுவிட்டது. கடைசியாகக் கேரித் தீவுப் பக்கம் ஆற்றில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன், இல்லை. சில நாள் மத்தியானம் கண் அசரும்போது அது வருகிறது. அலை இல்லாத தண்ணீரில், ஆள் இல்லாமல், மெதுவாகப் போகிறது. அதன் அடியில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் விளக்கு மாதிரி எரிகிறது. கூப்பிட்டால் நிற்பதில்லை.

நீங்கள் மீன் சாப்பிட என்று எந்த ஆற்றோரத்துக்குப் போனாலும், படகுத்துறை ஜெட்டியில் கட்டியிருக்கும் படகுகளைக் கொஞ்சம் பாருங்கள். நீலக் கோடும் அந்த நசுங்கலும் இருந்தால் படகுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். பின்னாலிருந்து மூன்றாவது பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வைத்தது யார் என்று கேட்டால், எங்கள் அப்பா என்று சொல்லுங்கள்.